குதிரை லத்தியில் திரவ உரம்: எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

குதிரை வளர்ப்பவரிடம் லத்தி வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார். எத்தனை சாக்கு வேண்டுமானாலும் அள்ளிக்கொள்ளுங்கள் என்பார். வளர்ந்த குதிரை ஒன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய 20 கிலோ லத்தி போடுகிறது. அதை அப்புறப்படுத்துவதே லாயத்துக்குப் பெரிய வேலை. சென்னை, கோவைப் பக்கம் குதிரையேற்றப் பயிற்சிப் பள்ளிகள் இருக்கின்றன. உதகை படகு இல்லத்திலும் கொடைக்கானல் ஏரிக்கரையிலும் சவாரிக் குதிரைகள் நிற்கின்றன. கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுபவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். ஆனாலும் மாட்டுச் சாணத்துக்காக ஊரெல்லாம் அலைகிற மாடித் தோட்டக்காரர்களின் கண்ணில் இது படுவதில்லை என்பது எனக்கு வருத்தம். கண்ணில் பட்டவர்களில் பலரும் பச்சை லத்தியை வாளித் தண்ணீரில் கரைத்து அப்படியே செடிக்கு ஊற்றிவிட்டு, செடி கருகியதும் ‘குதிரை எரு சூடு, நமக்கு ஆகாது’ என்று விட்டுவிடுகிறார்கள்.

லத்தியிலிருந்து திரவ உரம் எடுக்க வழிகள் பல. பச்சையாக ஊறவைக்கலாம், மக்கவைத்து ஊறவைக்கலாம், மக்கிய எருவைக் காற்றடித்து நுண்ணுயிர்க் கரைசலாக்கலாம், ஜீவாமிர்தம் போல வெல்லமும் பயறு மாவும் சேர்த்துப் புளிக்கவைக்கலாம், மண்புழுவுக்குக் கொடுத்து வடிநீர் பிடிக்கலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தொட்டியிலும் பையிலும் காய்கறி வளர்ப்பவருக்கு மக்கவைத்து ஊறவைப்பதுதான் சரி. இடமும் பொறுமையும் இருந்தால் மண்புழு வடிநீர் அதைவிட ஒரு படி மேல். பச்சை ஊறலைக் கீரை, காய்கறி பக்கமே கொண்டுபோகக் கூடாது. ஏன் என்பதற்கு லத்தியின் தன்மையிலிருந்து தொடங்க வேண்டும்.

சாணம் வேறு, லத்தி வேறு

மாடு அசைபோடுகிறது. தின்ற புல் இரைப்பையில் நொதித்து, மறுபடி வாய்க்கு வந்து, கூழாக அரைபட்டுப் போகிறது. குதிரை அசைபோடுவதில்லை. அதற்கு நார் நொதிப்பது சிறுகுடலைத் தாண்டிய பிறகு, பெருங்குடல் பகுதியில். அதனால் நார் பாதி செரித்த நிலையிலேயே வெளியே வந்துவிடுகிறது. ஒரு லத்தி உருண்டையைப் பிட்டுப் பார்த்தால் புல் நாரும் கொள்ளுத் தோலும் தவிட்டுச் செதிலும் தனித்தனியாகத் தெரியும். சில நேரம் பல்லில் படாத முழுத் தானியமே கிடக்கும். சாணத்தில் இதையெல்லாம் பார்க்க முடியாது.

இதனால் மூன்று விளைவுகள். நாருக்கு நடுவே காற்று நிற்பதாலும் ஈரம் சாணத்தைவிடக் குறைவு என்பதாலும் குவித்த ஓரிரு நாளிலேயே லத்தி கொதிக்கத் தொடங்கும்; உதகைக் குளிரில் காலையில் குவியலைக் கிளறினால் ஆவி எழும்புவதைக் கண்ணால் பார்க்கலாம். பிரான்சில் 14ஆம் லூயியின் வெர்சாய் அரண்மனைக் காய்கறித் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட லா கின்தினி, 17ஆம் நூற்றாண்டில் இந்தச் சூட்டைப் பாத்திக்கு அடியில் வைத்தே பருவத்துக்கு முந்திக் காய்கறி எடுத்தார். இரண்டாவது, புல் விதைகள் சாகாமல் வருகின்றன. மக்காத லத்தியைப் போட்ட பாத்தியில் களை முளைப்பதற்கு அதுவே காரணம். மூன்றாவது, சத்தில் பெரும்பகுதி நாரோடு பிணைந்து கிடக்கிறது. திரவ உரத்தைப் பொறுத்தவரை இந்த மூன்றாவதுதான் முக்கியம்.

பச்சை லத்தி ஒரு கிலோவில் ஏறக்குறைய 6 கிராம் தழைச்சத்தும் (நைட்ரஜன்), 3 கிராம் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்), 5 கிராம் சாம்பல்சத்தும் (பொட்டாஷ்) இருக்கும். தீவனத்தையும், லாயத் தரையில் படுக்கையாக விரிக்கும் வைக்கோல், மரத்தூளையும் பொறுத்து இது கூடும், குறையும். சாம்பல்சத்து தண்ணீரில் எளிதாகக் கரையும். மூத்திரத்தில் இருக்கும் தழைச்சத்தும் கரையும். ஆனால் நாரிலும் நுண்ணுயிர்களின் உடலிலும் இருக்கும் தழைச்சத்து இரண்டு நாள் ஊறலுக்கு அசையாது. அது மண்ணில் மாதக்கணக்கில் சிதைந்துதான் வெளிவரும். ஒரு கிலோ லத்தியைப் பத்து லிட்டரில் ஊறவைத்தால், தழைச்சத்து முழுதும் கரைந்தால்கூட லிட்டருக்கு 0.6 கிராம்தான், உண்மையில் கிடைப்பது அதில் சிறு பங்கு. கடையில் விற்கும், மூன்று சத்தும் 19 சதவீதம் வீதம் உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு 5 கிராம் கரைத்தால் தழைச்சத்து மட்டுமே 0.95 கிராம் வந்துவிடும். ஆகவே லத்திக் கரைசலைச் செடியின் முழுச் சாப்பாடாக நம்ப வேண்டாம். அது சாம்பல்சத்தையும் நுண்ணூட்டத்தையும் கொஞ்சம் தழைச்சத்தையும் உடனே வேருக்குக் கொண்டுசேர்க்கும் துணை உணவு. ஊறல் கறுத்திருந்தால் சத்து நிறைய இறங்கிவிட்டது என்று நினைக்கிறோம். அந்த நிறம் மக்குப் பொருளின் நிறம். அதை வைத்துத் தழைச்சத்தை அளக்க முடியாது.

பச்சை ஊறல்

இதன் கவர்ச்சி புரிகிறது. சாக்கில் லத்தியைக் கட்டி டிரம்மில் தொங்கவிட்டு, ஒரு வாரம் கழித்து எடுத்தால் வேலை முடிந்தது. செலவே கிடையாது. ஆனால் மூன்று வகையில் இது ஏமாற்றுகிறது.

மூத்திரம் ஊறிய படுக்கையோடு அள்ளிய லத்தி என்றால் அம்மோனியா நிறைய இறங்கும். நீர்க்காமல் ஊற்றினால் இளம் வேர் கருகும். மூடிவைத்த டிரம்மில் காற்று இல்லாததால் இரண்டு மூன்று நாளில் அழுகல் நாற்றம் கிளம்பும். அக்கம்பக்க வீடுகள் ஒட்டியிருக்கும் நகரத்தில் இது ஒன்றே போதும், கைவிட. திறந்துவைத்தால் ஈ வரும், கொசு வரும். குதிரை லத்தி வீட்டு ஈக்கு மிகவும் பிடித்த முட்டையிடுமிடம். அழுக்குத் தண்ணீர் கியூலெக்ஸ் கொசுவுக்குப் பிடித்த இடம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை கிருமி. ஈ.கோலை, சால்மோனெல்லா போன்றவை பச்சை எருவில் இருக்கலாம். ஒரு வாரம் தண்ணீரில் கிடந்தால் அவை செத்துவிடாது. அமெரிக்க அரசின் இயற்கை வேளாண் சான்றிதழ் விதி, பச்சை எரு போட்ட நிலத்தில் மண்ணைத் தொடும் விளைபொருளை 120 நாளுக்குப் பிறகும், தொடாததை 90 நாளுக்குப் பிறகும்தான் அறுவடை செய்யலாம் என்கிறது. நம் சிறுகீரை விதைத்த 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். இந்தக் கணக்கில் கீரைப் பாத்திக்குப் பச்சை ஊறல் ஊற்ற ஒரு நாள்கூடக் கிடையாது. கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி எல்லாவற்றுக்கும் இதே கதிதான். குழந்தைகள் இருக்கிற வீட்டில் இதில் சமரசம் கூடவே கூடாது.

செம்பருத்தி, அரளி, போகன்வில்லா, நிழல் மரங்கள் மட்டுமே வைத்திருப்பவர் ஒதுக்குப்புறத்தில் செய்து, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து மண்ணில் மட்டும் ஊற்றிக்கொள்ளலாம். அதற்கு மேல் இந்த வழியிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை.

மக்கவைத்து ஊறவைப்பது

இதில் வேலையின் முக்கால் பங்கு மக்கவைப்பதில்தான். குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டராவது இருந்தால்தான் சூடு உள்ளேயே நிற்கும். லத்தியை மட்டும் போட்டாலே கரிம–தழைச்சத்து விகிதம் ஏறக்குறைய 25–30க்கு 1 இருக்கும். மக்குவதற்கு அது நல்ல விகிதம். லாயத்தில் மரத்தூள் படுக்கை போட்டிருந்தால் விகிதம் 50ஐயும் தாண்டிப்போய் மக்குவது இழுத்துக்கொண்டே போகும். அப்போது சமையலறைக் காய்கறிக் கழிவு, பச்சைத் தழை, அகத்தி அல்லது கிளைரிசிடியா இலை சேர்க்க வேண்டும். வைக்கோல் படுக்கை என்றால் கவலை குறைவு.

ஈரத்தைக் கையாலேயே சோதிக்கலாம். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு துளி கசிய வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் குறைவு. லத்திக் குவியலில் பலரும் கவனிக்காத ஓர் அறிகுறி உண்டு. கிளறும்போது நடுப்பகுதி வெளுத்து, சாம்பல் பூத்தாற்போல் பொடியாக இருந்தால் குவியல் சூட்டில் உலர்ந்துபோய்விட்டது என்று பொருள். அந்த நிலையில் விட்டால் தழைச்சத்து பறந்துவிடும், மக்குவதும் நின்றுவிடும். உடனே பிரித்து, பூவாளியால் நனைத்து, மறுபடி குவிக்க வேண்டும். நம் வெயிலுக்கு இது சட்டென்று நடக்கும். தென்னை ஓலையோ ஈரச் சாக்கோ மேலே போட்டு வைப்பது நல்லது.

கிருமியும் களை விதையும் சாக வேண்டுமானால் குவியல் 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் நிற்க வேண்டும். மேலே சொன்ன சான்றிதழ் விதி திறந்த வரிசைக் குவியலுக்கு 15 நாள் இந்தச் சூட்டையும், அதற்குள் 5 முறை புரட்டுவதையும் கேட்கிறது. புரட்டினால்தான் வெளியில் இருந்தது உள்ளே போய் வேகும். ஒரு இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவில் செருகி வைத்து, எடுத்ததும் பிடிக்க முடியாதபடி சுட்டால் நல்ல சூடு இருக்கிறது என்று கொள்ளலாம். நீளக் கம்பி வெப்பமானி இருந்தால் ஊகத்துக்கே இடமில்லை. இரண்டு மூன்று மாதத்தில் லத்தி வாசம் போய், மழை பெய்த மண்ணின் வாசம் வந்து, கையில் உதிரும் கரும்பழுப்பு எருவாகிவிடும்.

ஒரே ஒரு சாக்கு கிடைத்தவர் என்ன செய்வது? அந்த அளவுக்குச் சூடு பிடிக்காது. நிழலில் ஈரமாக வைத்து நான்கைந்து மாதம் விட்டால் மக்கும், ஆனால் கிருமி நீங்கியதாக எடுத்துக்கொள்ள முடியாது. அந்த எருவை மரம், பூச்செடி, அல்லது பறிப்புக்கு நெடுநாள் இருக்கிற பயிருக்கு ஒதுக்குவதே பாதுகாப்பு.

மக்கியதை ஊறவைப்பது எளிது. ஒரு பங்கு எருவைப் பருத்தித் துணியில் கட்டி, ஐந்து முதல் பத்துப் பங்கு தண்ணீரில் ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள் வைக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை இருந்தால் முந்தின நாளே பிடித்துத் திறந்துவைத்துவிடலாம். காலை, மாலை குச்சியால் கலக்க வேண்டும். டிரம்மின் வாயைக் கொசு புகாத துணியால் இறுக்கிக் கட்ட வேண்டும். ஊறியதை வடிகட்டி, பாலில்லாத இளந்தேநீர் நிறத்துக்கு வரும்வரை நீர்த்து, ஒரு தொட்டிக்கு அரை லிட்டர் வீதம் வாரம் ஒருமுறை ஊற்றலாம். அன்றைக்கு ஊறியதை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். சேர்த்துவைத்தால் காற்றில்லாமல் கெட்டுப்போகும்.

இந்த வழியில் எனக்குப் பிடித்தது, எதுவும் வீணாகாமல் இருப்பது. ஊறி முடிந்த சக்கையில் தழைச்சத்தின் பெரும்பங்கு இன்னும் இருக்கிறது. அதைத் தொட்டி மண்ணின் மேல் ஒரு விரல் தடிமனுக்குப் பரப்பினால் மூடாக்காகவும் மெதுவாகச் சத்து விடும் எருவாகவும் வேலை செய்யும். கரைசலைப் போற்றிவிட்டுச் சக்கையைக் குப்பையில் கொட்டுகிற பழக்கத்தைப் பார்த்தால் மனம் பதறுகிறது.

உப்பை மட்டும் கவனிக்க வேண்டும். சாம்பல்சத்தோடு மற்ற உப்புகளும் கரைசலில் இறங்குகின்றன. குதிரைக்கு உப்புக் கட்டி நக்கக் கொடுப்பதும் உண்டு. ஏற்கெனவே உவர்ப்பான போர்த் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் தொட்டி மண்ணின் மேல் வெள்ளைப் படிவு தெரிய ஆரம்பிக்கும். பீன்ஸ், கேரட், வெங்காயம் உப்பைத் தாங்காத பயிர்கள். மாதம் ஒருமுறை வெறும் நல்ல தண்ணீரை அடித்துளை வழியே வழிந்து ஓடும்வரை ஊற்றிவிட்டால் படிவு கழுவிப் போய்விடும்.

காற்றடித்த கரைசல்

மக்கிய எருவை மீன் தொட்டிக் காற்று மோட்டாரோடு ஒரு நாள் ஓடவிட்டு, வெல்லம் கொஞ்சம் சேர்த்து நுண்ணுயிர்களைப் பெருக்குவது இந்த முறை. நாற்றம் இராது என்பது இதன் உண்மையான லாபம். ஆனால் சத்தைப் பொறுத்தவரை முந்தைய வழியைவிடக் கூடுதலாக எதுவும் வருவதில்லை. எருவில் இல்லாததை மோட்டார் கொண்டுவராது. வெல்லம் நல்ல நுண்ணுயிருக்கு மட்டும் உணவாவதில்லை. எரு சரியாக வேகாமல் அதில் ஈ.கோலை கொஞ்சம் மிஞ்சியிருந்தால், சர்க்கரை சேர்த்த கரைசலில் அதுவும் பெருகும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மின்சாரம் நின்றுவிட்டால் சில மணி நேரத்தில் கரைசலில் காற்று தீர்ந்துவிடும். வெல்லம் இல்லாமல் காற்று மட்டும் அடிப்பவர்களை நான் தடுக்கமாட்டேன். வெல்லம் சேர்த்ததைக் கீரை இலையில் தெளிப்பதை வேண்டாம் என்றே சொல்வேன்.

ஜீவாமிர்தம் போலப் புளிக்கவைப்பது

சுபாஷ் பாலேக்கர் பரப்பிய ஜீவாமிர்தத்தின் அளவு பலருக்கும் மனப்பாடம்: 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு பிடி வரப்பு மண், இரண்டு நாள் நிழலில் வைத்து ஒரு ஏக்கருக்குப் பாசனத்தோடு விடுவது. அவர் நாட்டு மாட்டுச் சாணத்தையே வலியுறுத்துகிறார். அந்த நெறியில் நிற்பவர்களுக்கு லத்தி மாற்றுப் பொருளாகாது. அவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்கவும் இல்லை. மாடு இல்லாமல், பக்கத்தில் லாயம் மட்டும் இருக்கிற தோப்புக்காரர் லத்தியை வைத்து இதே போலச் செய்தால் நொதிக்கத்தான் செய்யும். ஆனால் லத்தி கூழாகக் கரையாது, நார் மிதக்கும். சொட்டுநீர்க் குழாயில் விடுவதாக இருந்தால் இரண்டு மூன்று முறை வடிகட்டாமல் விடவே கூடாது, இல்லையென்றால் சொட்டுவான் அத்தனையும் அடைத்துக்கொள்ளும்.

இதுவும் பச்சை எருவிலிருந்து வந்த கரைசல்தான் என்பதை மறக்கக் கூடாது. தென்னை, வாழை, மா, கொய்யாத் தோப்பில் வாய்க்காலோடு விடுவது பொருத்தம். காய்கறிப் பயிருக்கு வேண்டாம். நாலு தொட்டி வைத்திருப்பவர் வெல்லமும் பயறு மாவும் வாங்கி இதைச் செய்வது வீண் செலவு.

மண்புழு வடிநீர்

சென்னையில் மண்புழு ஆய்வில் பல்லாண்டு ஈடுபட்ட சுல்தான் இஸ்மாயில் வடிநீர் எடுக்கும் முறையை எளிமையாக்கி மக்களிடம் கொண்டுபோனவர். அடியில் குழாய் வைத்த டிரம். கீழே உடைகல், அதன் மேல் மணல், அதற்கு மேல் மண்புழு வாழும் மண், மேற்பரப்பில் எருவும் வைக்கோலும். மேலே தொங்கும் சிறு துளைப் பானையிலிருந்து இரவெல்லாம் தண்ணீர் சொட்டி, புழு குடைந்த வழியாக இறங்கி, காலையில் குழாயைத் திறந்தால் தெளிந்த பழுப்பு நீராக வரும்.

இந்த முறைக்கு லத்தி மிகவும் உகந்தது. நார் இருப்பதால் காற்றோட்டம் கெடாது. எரு மண்புழுக்கள் அதில் வேகமாகப் பெருகும். ஆனால் பச்சை லத்தியைத் தடிமனாகப் போட்டால் அதன் சூட்டிலேயே புழுக்கள் செத்துப்போகும். குவித்துவைத்து முதல் கொதிப்பு அடங்கிய இரண்டு மூன்று வாரத்துக்குப் பிறகு, கை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும்போது, மெல்லிய அடுக்காகப் போட வேண்டும். குதிரைக்குக் குடற்புழு மருந்து கொடுத்திருந்தால் அடுத்த ஓரிரு வார லத்தியைப் புழுத் தொட்டிக்குக் கொண்டுவரக் கூடாது. ஐவர்மெக்டின் போன்ற மருந்தின் பெரும்பங்கு லத்தி வழியாகத்தான் வெளியேறுகிறது.

வடிநீருக்கு நாற்றம் இல்லை, வடிகட்டும் வேலை இல்லை, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்துக்கொண்டே இருக்கும். ஒன்றுக்குப் பத்து தண்ணீர் சேர்த்து ரோஜாவுக்கும் மல்லிகைக்கும் மிளகாய்க்கும் தெளிக்கலாம். கீரைக்கு மட்டும் மண்ணிலேயே விடுங்கள். தடை என்னவென்றால், அமைக்க ஒரு மாதம், புழுக்களைத் தினமும் பார்த்துக்கொள்ளும் மனம், நல்ல நிழல் மூன்றும் வேண்டும். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வைத்த டிரம்மில் புழு பிழைக்காது.

இடம் பார்த்து முடிவெடுங்கள்

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்களுக்கு லத்தி அருகிலேயே கிடைக்கிறது, ஆனால் குளிரில் எல்லாமே மெதுவாகத்தான் நடக்கும். அங்கே பெரிய குவியலாகப் போட்டு, மழை அடித்துச் சத்தைக் கொண்டுபோகாமல் கூரையின் கீழ் வைத்து மக்கவைப்பதில் அக்கறை காட்ட வேண்டும். ஊறலுக்கும் இரண்டு நாள் முழுதாகத் தேவைப்படும். சமவெளியில் வெயில் மக்கவைத்துக்கொடுத்துவிடும், ஈரம் காப்பதுதான் அங்கே வேலை. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர் திரவ உரத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்பேன். மக்கிய எருவைக் கடைசி உழவில் நேரடியாக இடுவது கரைசலால் தர முடியாத தழைச்சத்தையும் மண்வளத்தையும் தரும்.

எந்த வழியானாலும் கையுறை போட வேண்டும். டெட்டனஸ் கிருமியின் விதைவடிவம் குதிரை லத்தியில் இருப்பது நெடுநாளாகத் தெரிந்தது. கையில் வெட்டுக்காயத்தோடு லத்தி அள்ளக் கூடாது. பத்து ஆண்டுக்குள் தடுப்பூசி போடாதவர்கள் மருத்துவரிடம் கேட்டு ஒன்று போட்டுக்கொள்வது நல்லது.

லாயக்காரரிடம் படுக்கை என்ன, மருந்து எப்போது கொடுத்தீர்கள் என்று கேட்பதோடு, புல் எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். பிரிட்டனில் அமினோபைரலிட் என்ற களைக்கொல்லி தெளித்த மேய்ச்சல் புல்லின் வழியாக எருவுக்கு வந்து, வீட்டுத் தோட்டங்களில் தக்காளியையும் பீன்ஸையும் முறுக்கிப்போட்டதால் 2008இல் அதன் விற்பனையை நிறுத்திவைத்தார்கள். அந்த வகை மருந்து குதிரையின் வயிற்றிலும் சிதையாது, மக்கினாலும் எளிதில் போகாது, தண்ணீரில் கரைவதால் ஊறலோடும் வரும். நம் ஊரில் வரப்புப் புல்லும் விலைக்கு வாங்கும் குதிரை மசாலும் எந்த வயலிலிருந்து வருகின்றன என்பது வாங்குபவருக்கே தெரியாமல் போகலாம். அதனால் புது லாயத்திலிருந்து எடுத்த லத்தியைத் தோட்டம் முழுக்க விடுவதற்கு முன், இரண்டு சிறு தொட்டியில் ஒரே மண் போட்டு, இரண்டிலும் நாலைந்து தட்டைப்பயறு விதையுங்கள். ஒன்றுக்குக் கரைசலும் மற்றொன்றுக்கு வெறும் தண்ணீரும் விட்டு மூன்று வாரம் பாருங்கள். கரைசல் விட்ட செடியில் மட்டும் இலை கிண்ணம் போலக் குவிந்தோ தண்டு முறுக்கிக்கொண்டோ இருந்தால் அந்த லாயத்து லத்தி வேண்டாம். இரண்டும் ஒன்றுபோல் விரிந்தால் அடுத்த சாக்கைக் கொண்டுவரலாம்.